பள்ளி வாசலில் நிரந்தரமாக ஒரு சிற்பம்: கருங்கல் ஒன்றுதான் வழியா?

கேள்வி: 2024 பிப்ரவரி 18

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நூற்றாண்டு வருகிறது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, வாசலுக்கும் கொடிமேடைக்கும் நடுவே திறந்த வெளியில் ஒரு சிற்பம் வைக்கப் பணம் திரட்டுகிறோம். தலைவர் சிலை வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். குழுவில் பாதிப் பேர் ஃபைபர் கிளாஸ் என்கிறார்கள். சொன்ன தேதியில் லாரியில் வந்து இறங்கிவிடுமாம். நிரந்தரம் என்றால் கருங்கல்தான், மற்றதெல்லாம் வீண் செலவு என்பது என் கட்சி. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, இரவு

கருங்கல் நிற்கும், அதில் வழக்கு இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக் காற்றில் நிற்கிறது. அங்கேயும் கடலைப் பார்த்த பக்கத்துச் சிற்பங்கள் எவ்வளவு மழுங்கிவிட்டன என்று அடுத்த முறை கிட்டப் போய்ப் பாருங்கள். "மற்றதெல்லாம் வீண்" என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். பள்ளிகளுக்குப் பெரும்பாலும் சிமெண்டில்தான் செய்து கொடுத்திருக்கிறேன். கல்லில் ஒரு விரல் முறிந்தால் முறிந்ததுதான். பசை வைத்து ஒட்டலாம், ஒட்டு தெரியும், அடுத்த ஆண்டு யாராவது தொங்கினால் மறுபடி விழும். சிமெண்டில் விரல் போனால் ஊர்க் கொத்தனார் கரணையோடு வந்து ஒரு மணி நேரத்தில் வைத்துவிடுவார். பள்ளியில் விரல் போகும். போகாது என்று நினைப்பவர் பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை.

ஃபைபரைப் பற்றி அதிகம் எழுத விருப்பம் இல்லை. திருமண மண்டப வாசல் யானைக்கு அது போதும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பூச்சைச் சுண்ணாம்பு மாதிரிப் பொடிய வைக்கும், பிறகு உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தலைகாட்டும். அதைத் தொட்ட பிள்ளையின் கை நாள் முழுக்க அரிக்கும்.

பிப்ரவரி 19

கேட்டவர் முக்கியமான எதையும் சொல்லவில்லை. கடல் எவ்வளவு தூரம்? செம்மண்ணா, கரிசலா? பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா? எத்தனை அடி உயரம் நினைக்கிறீர்கள்? இவை தெரியாமல் பொருளைப் பற்றிச் சண்டை போடுவது நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது.

பிப்ரவரி 25

"சிமெண்டில் செய்து நிலைத்த ஒரு நல்ல சிற்பத்தைக் காட்டுங்கள்" என்று ஒருவர் சவால் விட்டிருக்கிறார். அதுவும் கல்விக்கூடத்தில் வேண்டுமாம்.

சாந்திநிகேதன், வங்காளத்தில் தாகூர் தொடங்கிய கல்விக்கூடம். சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் அங்கே கலாபவனம் என்ற கலைப் பள்ளி வளாகத்தில் செய்த சந்தால் குடும்பம். வேலை தேடி இடம்பெயரும் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பம் நடந்து போகிறது. ஆண் தோளில் காவடித் தண்டு, அதில் தொங்கும் கூடையில் குழந்தை, பக்கத்தில் பெண், கூடவே ஒரு நாய். இந்தியாவில் பொதுவெளியில் வைக்கப்பட்ட முதல் நவீனச் சிற்பம் என்று கலை வரலாற்றில் எழுதப்படுவது அதுதான். வெண்கலம் வார்க்க அங்கே பணமும் இல்லை, வசதியும் இல்லை. வீர்பூம் மாவட்டத்துச் செம்பூராங்கல் சரளையைச் சிமெண்டோடு கலந்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் கைநிறைய அள்ளி அள்ளி அடித்து, கலவை இறுகும் நேரத்தில் உளியால் செதுக்கி எடுத்தார். அதனால்தான் அதன் தோல் அந்த ஊர் மண்ணின் தோலாகவே இருக்கிறது. வண்ணம் பூச வேண்டிய தேவையே எழவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பாடம் அதன் பீடம். ஏறக்குறைய தரையோடு தரையாக இருக்கிறது. நாம் நடக்கும் மட்டத்தில் அந்தக் குடும்பமும் நடக்கிறது. நம் ஊரில் பீடத்தை ஆளுயரத்துக்குக் கட்டிவிட்டு, அதற்கு மேல் சிற்பத்தை வைத்து, சுற்றிலும் கூர்முனைக் கம்பி வேலி போட்டு, கேட்டைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவிடுகிறோம். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இப்படிச் செய்வதற்கு அந்தப் பணத்தில் நாலு பெஞ்சு வாங்கிப் போடலாம்.

அதே வளாகத்தில் 1935இல் அவர் செய்த சுஜாதை இருக்கிறது. மரங்களுக்கு நடுவே இன்னொரு மரம்போல ஒல்லியாக உயர்ந்து நிற்கும் பெண். ஜெயா அப்பாசாமி என்ற மாணவியைப் பார்த்துச் செய்தது என்பார்கள். தலையில் பாயசப் பாத்திரத்தை வைக்கச் சொன்னது ஆசிரியர் நந்தலால் போஸ். அப்படித்தான் அவள் புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதை ஆனாள். ஆசிரியர் ஒரு யோசனை சொல்ல, சிற்பமே வேறாகிவிட்டது. நூற்றாண்டுக் குழுக்காரர்களும் யோசனை சொல்கிறார்கள். பெரும்பாலும் திறந்த புத்தகம், அதன் மேல் பேனா, பேனாவுக்கு மேல் உலக உருண்டை.

பிப்ரவரி 27

"சந்தால் குடும்பத்துக்கு மேலே இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் தாங்கவில்லை என்றுதானே பொருள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஒரு நாள் யோசிக்க வைத்தது.

கூரை போட்டார்கள் என்றால் அதைக் காப்பாற்ற நினைத்த ஆட்கள் இருந்தார்கள் என்று பொருள். நம் கோபுரத்துச் சுதைகளைப் பாருங்கள். செங்கல், சுண்ணாம்பு, இப்போது சிமெண்ட். மழையிலும் வெயிலிலும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சுண்ணாம்பு அத்தனை வலுவானதா? இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று சாரம் கட்டுகிறோம். உதிர்ந்த கை, உடைந்த கிரீடம், விரிசல் எல்லாவற்றையும் சுதை வேலைக்காரர்கள் பார்த்துவிடுகிறார்கள். அந்த ஏற்பாடு நின்றுபோன கோயிலில் முதலில் அரசமரம் முளைப்பது கோபுரத்தில்தான்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு விழா நடக்கிறது. குயவர்களான வேளார் செய்யும் மண்குதிரை இரண்டு மூன்று மழைக்கு மேல் முழுதாக நிற்பதில்லை. ஆனால் ஐயனார் கோயில் வாசலில் குதிரை இல்லாத ஆண்டே கிடையாது.

பள்ளிக்குக் கும்பாபிஷேகம் இல்லை. தலைமையாசிரியர் மாறுகிறார், குழு கலைகிறது, பணம் கொடுத்தவர் துபாயில் இருக்கிறார். ஆகவே என் கட்சியை இப்படித் திருத்திச் சொல்கிறேன்: எந்தப் பொருள் நிற்கும் என்று கேட்பதற்கு முன், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் எந்த வேலைக்காரர் இருக்கிறார் என்று கேளுங்கள். கொத்தனார் எல்லா ஊரிலும் உண்டு. வெண்கலம் வார்ப்பவரைத் தேடிச் சுவாமிமலை மாதிரி ஊருக்குப் போக வேண்டும்.

மார்ச் 3

செய்முறை கேட்டிருக்கிறார்கள். நான் செய்வது ஃபெர்ரோசிமெண்ட், கம்பி வலையின் மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு. 1848இல் லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் படகு கட்டிய முறை அது. தண்ணீரில் மிதக்க வைத்தவர்களுக்குத் தண்ணீரை வெளியே நிறுத்தத் தெரிந்திருக்கும் அல்லவா?

முதலில் முறுக்குக் கம்பியில் எலும்புக்கூடு, வெல்டிங் வைத்து. அதன் மேல் சதுரக் கண்ணுள்ள வெல்டட் மெஷ். அதற்கு இருபுறமும் கோழிவலை, இரண்டு மூன்று அடுக்கு, கட்டுக் கம்பியால் இறுக்கித் தைத்தது. தைப்பது என்றால் தைப்பதுதான்: வலை உடலோடு ஒட்டாமல் எங்கேயாவது தொப்பையாகத் தள்ளிக்கொண்டிருந்தால் அங்கே பூச்சு தடித்துப் பின்னால் வெடிக்கும். கலவை ஒன்றுக்கு இரண்டு, சலித்த மணல். தண்ணீர் சிமெண்ட் எடையில் நாற்பது விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. கொத்தனார்களுக்கு இது பிடிக்காது. "காய்ந்த கலவை சார், ஓடாது" என்று ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தக் குவளைதான்.

முழுத் தடிமன் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. உள்ளே வெற்றிடம்.

கம்பி சிமெண்டுக்குள் துருப்பிடிக்காமல் இருப்பது காரத்தன்மையால். புதுச் சிமெண்டின் காரக் குறியீடு (pH) 12க்கு மேல். காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போய் அதை 9க்குக் கீழே இறக்கும்போது கம்பிக்கு இருந்த காவல் போய்விடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. இடம் இல்லாததால் சிமெண்டை உடைத்துக்கொண்டு வரும். கலவையில் கூடுதலாகப் போன தண்ணீர் ஆவியாகி விட்டுச்சென்ற துளைகள்தான் அந்த வாயுவுக்குப் பாதை. ஒரு குவளைக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது.

மார்ச் 4

விட்டுப்போனது: உப்புத் தண்ணீர். கம்பி போட்ட வேலைக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பள்ளிக் கிணற்று நீர் வாயில் வைத்தால் கரிக்கிறதென்றால் பரிசோதனைக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

மார்ச் 10

என்ன உருவம் என்பதைப் பேசாமல் கம்பியைப் பற்றியே பேசுகிறேன் என்று ஓர் ஆசிரியை கண்டித்திருக்கிறார். சரி.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் ஊரில் மட்டும் பார்க்கக்கூடியதை வரையச் சொன்னோம். கோயில், தண்ணீர்த் தொட்டி, பஸ், மாமா வீட்டு நாய். ஒருத்தி மட்டும் அழுங்கு வரைந்திருந்தாள். எறும்புத்தின்னி. காட்டில் அதைப் பிடித்தால் சிறை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. செதில்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகப் போட்டு, பொறுமை போய், பின்பாதியைக் கறுப்பாகத் தேய்த்துவிட்டிருந்தாள். அதையே செய்தோம், ஏழடி நீளம், நடந்துபோகும் நிலையில்.

அழுங்கின் செதில்கள் கூரை ஓடுபோல ஒன்றன் மேல் ஒன்று படிந்தவை. ஓரங்கள் வாலைப் பார்த்திருக்கும். முதுகின் உச்சியிலிருந்து வால்வரை சரிவும் அதே திசை, மழைநீர் வழிந்து ஓடிவிடும். உச்சியிலிருந்து தலைவரை? சரிவு முன்னோக்கி, செதில் ஓரங்களோ பின்னோக்கி. அதாவது முன்பாதியில் ஒவ்வொரு செதிலும் வாயைத் திறந்துகொண்டு மழையை வாங்கும் குட்டிக் கிண்ணம். உயிருள்ள அழுங்குக்கு அது ஒரு பொருட்டில்லை. சிமெண்ட் அழுங்குக்கு அங்கேதான் பாசி பிடிக்கும், அங்கேதான் ஈரம் உள்ளே இறங்கிக் கம்பியைத் தேடும்.

பாதிச் செதில்கள் வைத்த பிறகு ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எந்தச் செதிலில் நிற்கிறது, எதில் வழிகிறது என்று. முன்பாதியில் செதிலின் தூக்கலைச் சுண்டுவிரல் கனத்துக்குக் குறைத்தோம். ஒவ்வொரு பள்ளத்தின் மூலையிலும் ஈரக் கலவையை விரலால் சாய்வாக வழித்து, பக்கவாட்டில் ஓடும்படி ஈர்க்குச்சியால் ஒரு கோடு கிழித்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுபோலத்தான் தெரியும். மழை பெய்யும்போது பார்த்தால், காதுக்குப் பக்கத்தில் நீர் நூல் நூலாக இறங்கும்.

திறந்தவெளிச் சிற்பம் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெளிச்சம் எப்படி விழும் என்று எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் தண்ணீர் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

மார்ச் 12

"நடக்கும் அழுங்குக்குப் பதில் சுருண்ட அழுங்கு செய்திருந்தால் இத்தனை பாடு எதற்கு?" என்று எழுதியிருக்கிறார் ஒருவர், தன்னைக் கொத்தனார் மகன் என்று சொல்லிக்கொள்பவர்.

படித்ததும் முதலில் எரிச்சல் வந்தது. ராத்திரி களிமண்ணில் உருட்டிப் பார்த்தேன். ஆள் சொல்வது சரி. பயந்தால் அது பந்தாகச் சுருண்டுகொள்ளும், சிங்கமே புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இல்லை, முறியும் வால்நுனி இல்லை, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் உட்காரட்டும்.

இப்போது கேள்வி கேட்டவருக்கு ஒரு நல்ல செய்தி. சுருண்ட அழுங்கு என்றால் அதற்குக் கருங்கல்தான் பொருத்தம். கல்லில் நான் பயந்தது மெல்லிய உறுப்புகளுக்கு. பந்துக்கு உறுப்பே இல்லை. கல்லுக்குள் கம்பி இல்லை, ஆகவே செதிலில் தண்ணீர் நின்றாலும் துரு என்ற பேச்சு இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இது பொழுதுபோக்கு வேலை. மூன்றடி விட்டமுள்ள கருங்கல் பந்து ஏறக்குறைய ஒரு டன் வரும், யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழுதுபார்க்க ஆள் தேவைப்படாத உருவத்துக்குப் பழுதுபார்க்க முடியாத கல்லைக் கொடுக்கலாம். என் பழைய வாதத்தில் இந்தச் சந்து இருந்ததை அந்தக் கொத்தனார் மகன்தான் கண்டுபிடித்தார்.

மார்ச் 21

பிள்ளைகள் ஏறுவதைப் பற்றி இரண்டு பேர் கவலைப்பட்டிருக்கிறார்கள். "ஏறக் கூடாது என்று பலகை வைக்கலாம்" என்கிறார் ஒருவர். வையுங்கள், பலகையின் மேலும் ஏறுவார்கள்.

ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும். கவனிக்க வேண்டியது இடைவெளிகளை. விளையாட்டுத் திடல் பாதுகாப்பு விதிகளில் ஒரு கணக்கு உண்டு: ஏறக்குறைய 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட துளை ஆபத்து. குழந்தையின் உடம்பு நுழையும், தலை மாட்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, வாலுக்கும் தரைக்கும் நடுவே, நவீன சிற்பம் என்று வளைத்துவிடும் வளையங்களுக்கு நடுவே இந்த அளவு வராமல் பாருங்கள். ஒன்று அதைவிடச் சிறிதாக இருக்கட்டும், அல்லது தாராளமாக இருக்கட்டும். வேல், ஈட்டி, கொம்பு, பேனா முள் எதுவும் எட்டாம் வகுப்புப் பையனின் கண் மட்டத்தில் இருக்கக் கூடாது.

உலோகம் வேண்டும் என்கிறவர்கள் மே மாத நண்பகலில் மெரினாவுக்குப் போய் எந்த வெண்கலத்தையாவது தொட்டுப் பாருங்கள். உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் வைத்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. பாறையைப் புரட்டும் நாலு பேரின் முதுகும் தொடையும் அரை நூற்றாண்டுக்கு மேல் மழுங்கவில்லை. ஆனால் அது தூரத்திலிருந்து பார்க்கச் செய்தது. பள்ளியில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை செருப்பில்லாமல் அதன் மேல் உட்காரும்.

ஏப்ரல் 6

காற்று. யாரும் கேட்கவில்லை, ஆனால் கஜா புயலைப் பார்த்த மாவட்டத்துக்காரன் எழுதாமல் இருக்க முடியாது.

கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சென்னைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 150 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விரித்த இறக்கை, பறக்கும் சால்வை, உயரப் பிடித்த தட்டையான புத்தகம் இவையெல்லாம் பாய்மரம். மேலே பரப்பும் கீழே ஒல்லிக் காலும் உள்ள உருவத்துக்கு ஒரு பொறியாளரிடம் போகாமல் கம்பி வளைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் கரிசல் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார். கரிசல் மழைக்கு வீங்கும், கோடைக்குச் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலாகப் பலகைபோல அடித்தளம் போட்டால் நாலு மழையில் சாயும். வெடிப்பு முடியும் ஆழத்துக்குக் கீழே போங்கள். அடியில் குமிழாக அகன்ற குறுந்தூண் போடும் முறை இந்த மண்ணுக்கென்றே உண்டு. கனமான கல்லுக்கு அடித்தளச் செலவும் கூடும் என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சிற்பிக்குக் கொடுக்கும் பணத்தைப் பேரம் பேசுகிற குழு, மண்ணுக்குள் போகும் பணத்தை மறந்தே போகும்.

ஏப்ரல் 7

கல்வெட்டைப் பற்றி: நன்கொடையாளர் பெயர்ப் பலகை சிற்பத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கிரானைட்டில் எழுபது பெயர், தங்க எழுத்து, அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஒரு மான்.

ஏப்ரல் 20

வண்ணம். ஒரு பள்ளிக்கு, பள்ளி எது என்று சொல்ல மாட்டேன், சிமெண்டில் படிக்கும் சிறுமி ஒருத்தியைச் செய்து கொடுத்தேன். செம்மண் சரளை கலந்த மேல்பூச்சு, பூச்சே நிறம். ஆண்டு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று முந்தின நாள் தங்க நிற எனாமல் அடித்துவிட்டார்கள். தலைமுடிக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிவப்பு, மீந்த சிவப்பில் பீடத்துக்குப் பார்டர். எனாமல் ஈரத்தை வெளியே விடாது. அடுத்த மழைக்குக் கன்னத்தில் கொப்புளம், அதற்கடுத்த மழைக்குத் தோல் உரிந்து தொங்கியது. பிள்ளைகள் அதை உரிக்கும் போட்டி வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் உரித்திருப்பேன்.

கேரளத்து மலம்புழா அணைத் தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி என்ற பெண் சிற்பம் முப்பதடிச் சிமெண்ட். அதற்கு வண்ணம் பூசவில்லையா என்று கேட்பீர்கள். பூசுவது வேறு, அமைச்சருக்காகப் பூசுவது வேறு. பூசத்தான் வேண்டும் என்றால் நீரில் கரையும் வெளிப்புற எமல்ஷன், ஒரே நிறம், மூச்சுவிடும் வகை.

மே 5

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது. கோடை விடுமுறையில் வேலையை முடித்துவிடத் துடிக்கும் சிமெண்ட்காரர்களுக்கு: இந்த வெயிலில் பூச்சு சாயங்காலம் வைப்பதே நல்லது. சாக்குச் சுற்றி ஈரம் காயாமல் வையுங்கள். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள் குறைந்தபட்சம்; கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி., அதற்குப் பத்து நாள். பதினான்கு என்றால் இன்னும் நல்லது. விடுமுறையில் தண்ணீர் காட்ட யார் வருவார் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இரவுக் காவலரிடம் சொன்னால் இரவில் காட்டுவார். வெயில் அடிப்பது பகலில்.

ஜூன் 16

இடம் பற்றிக் கேட்டிருக்கிறார்: கொடிமேடைக்கு முன்னாலா, ஆலமரத்தடியா? மரத்தடி வேண்டாம். வேர் தூக்கும், காக்கை மேலிருந்து தன் கருத்தைச் சொல்லும். கொடிமேடைக்கு நேர் முன்னால் வைத்தால் காலை வழிபாட்டில் இரண்டு வரிசைப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தெரிய மாட்டார். அதை அவர்கள் பாக்கியமாகக் கருதலாம், ஆனால் அவர் நகர்த்தச் சொல்வார். சத்துணவுச் சாமான் வண்டி பின்னோக்கி வந்து திரும்பும் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

இவற்றைவிட முக்கியம்: புது வகுப்பறைக் கட்டடம் எங்கே வரப்போகிறது என்று வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி வளாகத்தில் காலியாகக் கிடக்கும் இடம் எல்லாமே அடுத்த கட்டடத்தின் இடம்தான். மழை, துரு, பையன்கள் எல்லோரும் சேர்ந்து உடைத்ததைவிட அதிகமான சிற்பங்களை ஜேசிபி உடைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடத்தை அடி அளவோடு குறித்துத் தீர்மானம் போட்டு, நகல் ஒன்றைக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அந்தக் காகிதம் கருங்கல்லைவிட உறுதி என்று சொல்ல மாட்டேன், ஜேசிபிக்காரரிடம் காட்ட ஏதாவது வேண்டும்.

ஜூன் 17

பக்கத்தில் சாய்வு நடைபாதையும் போடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் தொட வேண்டும். நேற்றே எழுதியிருக்க வேண்டியது.

நவம்பர் 10

வெகுநாள் கழித்து வந்து பார்த்தால் கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். சுருண்ட அழுங்கு, கருங்கல், மூன்றடி. மாமல்லபுரத்தில் பாதி முடிந்திருக்கிறது. செதில்களின் வரிசை முதுகில் அகலமாகவும் வாலுக்கு வர வர ஒடுங்கியும் போவது நன்றாக வந்திருக்கிறது. கண் மட்டும் கொஞ்சம் மனிதக் கண்ணாக இருக்கிறது. சிற்பியிடம் சொன்னால் இமையைத் தாழ்த்திவிடுவார். ஃபைபர் கட்சிக்காரர்கள் இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டேன். திறப்பு விழாவில் மேடையில் உட்காரும் பக்கமாம்.

அவர் கேட்டிருப்பவற்றுக்கு ஒவ்வொன்றாக.

மெருகேற்றலாமா என்றால் வேண்டாம். பளபளப்பான கருங்கல் மழையில் வழுக்கும், காம்பஸ் முனைக் கீறலையும் காட்டிக்கொடுக்கும். உளி பொளிந்த தடத்தோடு விடச் சொல்லுங்கள். செதில் ஓரங்களை மட்டும் விரலை ஓட்டினால் அறுக்காத அளவுக்கு மழுக்கட்டும்.

பீடம் ஆறு அங்குலம் போதும். சுற்றிலும் வெளிப்பக்கம் சாயும் சிமெண்ட் தளம், ஓரங்கள் உருண்டையாக. பந்து உருளாமல் இருக்க அடியில் குடைந்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மூன்றை எபாக்ஸிப் பசை வைத்துப் பீடத்தில் இறக்குங்கள். கடல் பக்கம் என்றால் 316 வகை கேட்டிருப்பேன். உங்கள் ஊருக்கு 304 போதும். சாதாரண இரும்புக் கம்பியைப் பொருத்திவிட்டு அதே காசு வாங்கும் கடைகள் உண்டு, காந்தத்தை வைத்துப் பாருங்கள். இந்த இரண்டு வகையும் காந்தத்தில் நன்றாக ஒட்டாது.

இறக்கும்போது சங்கிலி கட்டக் கூடாது, செதில் சில்லாகப் பெயரும். அகலமான நைலான் பட்டை கொண்டுவரச் சொல்லுங்கள், இடையில் பழைய சாக்கு. கிரேனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். வேலை நாளில் வந்தால் அன்று எந்த வகுப்பிலும் பாடம் நடக்காது.